பின்மூலையில் ஒரு கசிவு

மோட்டர்ஹோம் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வாடிக்கையாளரும் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று உங்களிடம் கேட்கமாட்டார். அது அவருக்குத் தெரியும். அவருடைய தலையணை நனைந்திருக்கும். தண்ணீர் எந்த வழியால் உள்ளே வருகிறது என்றுதான் அவர் கேட்பார். அது உங்களுக்கும் தெரியாது. தெரிந்தவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு ஏணியை எடுப்பீர்கள். நான் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த முகத்தை வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் வேலை செய்த கராஜ் ஒஷாவாவுக்கு வெளியே இருந்தது. காலையில் ஸ்காபரோவிலிருந்து கிழக்கே போவேன். விட்பிப் பக்கத்துப் புதுவீட்டுக்காரர்கள் எல்லோரும் அந்நேரம் எதிரே ரொறொன்ரோவுக்கு வந்துகொண்டிருப்பார்கள். எனக்கு வீதி வெறுமையாக இருக்கும். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் வசதி அது. கொஞ்சக் காலம் ஒரே வசதியாகவும் இருந்தது.

கராஜில் மூன்று பேர் இருந்தோம். முதலாளி வெள்ளைக்காரர். கசிவு என்றால் அவருக்கு ஒரே மருந்துதான்: ஓட்டை அடைக்கும் சிலிக்கன். நின்றுவிட்டால் நல்லது, நிற்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சிலிக்கன். இரண்டாவது ஆள் நான். மூன்றாவது ஆள் மெத்தைகளுக்கும் இருக்கைகளுக்கும் திரைகளுக்கும் தையல் வேலை செய்த ஒரு பெண். மட்டக்களப்புப் பக்கத்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று யாரையாவது சொல்வதென்றால் அவரைத்தான் சொல்லவேண்டும். அவர் ஒருநாளும் ஏணியில் ஏறியதில்லை. பெயரைப் போடட்டுமா என்று அண்மையில் கேட்டேன். "போட்டீங்கள் எண்டால் சனம் சோபாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும், அண்ணன். வேண்டாம்" என்றார். ஆகவே தங்கச்சி என்றே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சிவநேசன் என்ற ஒருவர் பிறம்ரனிலிருந்து ஒரு மோட்டர்ஹோமை ஓட்டிக்கொண்டு வந்தார். படுக்கை, குசினி, கழிவறை எல்லாம் உள்ளே இருந்த பதினெட்டு வயது வண்டி. அவர் ட்ரக் ஓட்டுபவர் என்பதால் வண்டி நேராக வந்து நேராக நின்றது. எங்கள் முற்றத்தில் அது அடிக்கடி நடப்பதில்லை. பக்கத்தில் அவர் மனைவி லோஜினி இருந்தார். நம்மவர் ஒருவர் மோட்டர்ஹோம் வாங்கியதை அன்றைக்குத்தான் முதல்முதல் பார்த்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் காசு சேர்த்து வீடு வாங்கினோம், வீட்டுக்குக் கீழே சில்லு இருக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

காரணத்தைச் சிவநேசன் சொன்னார். லோஜினிக்கு நுரையீரலில் வருத்தம். இப்போதைக்கு விமானத்தில் ஏறவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருடைய ஒரே தங்கை எட்மன்ரனுக்கு அகதியாக வந்து ஆறு மாதம். புருசன் இன்னும் கொழும்பில், கடுதாசி வேலைகள் முடியவில்லை. தங்கைக்கு ஓகஸ்ட் முதல் கிழமையில் பிள்ளை பிறக்க இருந்தது. அந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது.

"காரிலை கொண்டுபோகேலாது அண்ணை. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இவ படுக்கவேணும். மூச்சுக்கு மருந்து பிடிக்கிற மெஷினுக்குக் கரண்டும் வேணும். இதிலை ரெண்டும் இருக்கு. ஆனா கட்டில் மூலையிலை ஒழுகுது."

பின்பக்கத்தில், கழிவறைச் சுவரை ஒட்டினாற்போல் கட்டில் இருந்தது. கட்டிலின் மேல்மூலையில் மண்ணிறக் கறை. நல்ல நேர்மையான கறை, மழையில் வந்தது. நான் ஏணியில் ஏறினேன். இரண்டு சுவர்கள் சேரும் மூலையை மூடி மேலிருந்து கீழே ஓர் அலுமினியப் பட்டி ஓடும். அதற்குக் கீழிருந்த பழைய பசை காய்ந்து பொருக்காகிவிட்டது. பட்டியைக் கழற்றி, சுரண்டி, புதிய பசை வைத்துத் திரும்பப் பூட்டினேன். உள்ளே மரம் உக்கி மெத்தென்று இருந்ததால் பழைய ஸ்குரூக்கள் பிடிக்கவில்லை. நீளமான ஸ்குரூ போட்டேன். பிடித்தது. எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நீங்களும் இந்த வருடத்துக்குள் ஒருமுறையாவது செய்வீர்கள்.

"முடிஞ்சுது. இனி ஒழுகாது" என்றேன்.

அந்த வசனத்தைச் சொல்லாதீர்கள். "இந்த மூலையை அடைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அது உண்மை. மற்றது சோதிடம்.

மூன்று கிழமை கழித்துச் சிவநேசன் திரும்பி வந்தார். பயணத்துக்குப் பழகுவதற்காக இருவரும் சனி ஞாயிறுகளில் தங்கள் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி அதற்குள்ளேயே படுத்திருக்கிறார்கள். இப்போது கட்டிலுக்குக் கீழே தரை நனைகிறதாம்.

"மழை பெய்ததா?"

"போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை, அண்ணை."

எனக்கு அது போதுமாக இருந்தது. கூரையில் ஏறினேன். காற்றுப்போக்கி, பின்விளக்கு, ஏணிக்கால்கள் என்று ஓட்டை இருக்கக்கூடிய எல்லாவற்றையும் அடைத்தேன். ஓட்டை இருக்கமுடியாத சிலவற்றையும் அடைத்தேன். பிறகு ஹோசைப் பிடித்து ஒரு மணித்தியாலம் கூரைமேல் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டும் இல்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, மிகவும் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சிலிக்கன் போடு என்றார்.

அடுத்த கிழமையும் தரை நனைந்தது. அவர்கள் திங்கட்கிழமை வந்தார்கள். புதன்கிழமை புறப்படவேண்டும். லோஜினியின் மருந்து, தங்கைக்குக் கட்டிய சாமான்கள், பிள்ளைத் துணிகள் எல்லாம் வண்டியின் அலுமாரிகளில் ஏற்கனவே அடுக்கப்பட்டிருந்தன. நான் திரும்ப ஹோஸ் பிடித்தேன். திரும்ப ஒன்றுமில்லை.

இப்படியான நேரத்தில் மனிதன் என்ன செய்வான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தன் வேலையில் பிழை இருக்கலாம் என்று நினைப்பதற்கு முன் இயற்கையில் பிழை கண்டுபிடிப்பான்.

நான் சிவநேசனிடம் சொன்னேன்: "தம்பி, இது ஒழுக்கு இல்லை. இரண்டு பேர் மூடின இடத்துக்குள்ளை படுத்தால் மூச்சுக்காற்றிலை இருக்கிற ஈரம் குளிர்ச் சுவரிலை தண்ணியாய்ப் படியும். அது வழிஞ்சு கீழை வரும். யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ."

அப்படி நடப்பதுண்டு. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் லோஜினி அவருக்குப் பின்னால், வண்டிப் படியில் இருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "என்ரை மூச்சே அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்" என்று சொன்னேன்.

சுவாசிக்கவே முடியாத ஒரு பெண்ணிடம், நீர் அதிகமாகச் சுவாசிக்கிறீர் என்று சொல்லிவிட்டு நான் தேநீர் குடிக்கப் போனேன்.

வண்டியை அன்றைக்கு எங்களிடமே விட்டிருந்தார்கள். கட்டில் மெத்தைக்குப் புதிய உறை தைக்கவேண்டும் என்று லோஜினி கேட்டிருந்ததால் அளவெடுக்கத் தங்கச்சி உள்ளே போனார். அளவெடுக்க ஐந்து நிமிடம் போதும். அவர் இருபது நிமிடம் வரவில்லை. லோஜினி அவரோடு உள்ளேயிருந்து பேசிக்கொண்டிருந்தது கேட்டது. சிவநேசன் என்னோடு வெளியே நின்று எட்மன்ரன் வீதிகளைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வேறொரு காரில் பிறம்ரனுக்குப் போனபிறகு தங்கச்சி என்னைக் கூப்பிட்டார். மெத்தையைத் தூக்கி நிமிர்த்தி வைத்திருந்தார்.

"அண்ணன், இதைப் பாருங்க. மேல் பக்கம் காய்ஞ்சு கிடக்கு. சுவர்ப் பக்கமும் காய்ஞ்சுதான் கிடக்கு. அடிப்பக்கம் மட்டும் ஈரம். மூச்சுத் தண்ணி எண்டால் சுவரெல்லோ நனையவேணும்?"

நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் துணித்துண்டைத் தரையில் அழுத்தி ஒற்றி எடுத்துக் காட்டினார்.

"மழைத்தண்ணி உங்கட உக்கின மரத்துக்குள்ளால வந்தால் தேத்தண்ணி மாதிரி நிறம் வரும். எத்தினை மெத்தையில பார்த்திருக்கிறன். இது வெள்ளைத் தண்ணி. குடிக்கலாம்போல கிடக்கு."

"அப்ப?"

"அந்த அக்காவைக் கேட்டன், எப்ப நனையுது எண்டு. வீட்டுப் பைப்பிலயிருந்து வண்டிக்குத் தண்ணி ஹோஸ் பூட்டின நாள் எல்லாம் நனையுதாம். பூட்டாத நாள் நனையிறதில்லையாம். மழை நாள் எது, வெயில் நாள் எது எண்டு அவ பார்க்கயில்லை. பாத்திரம் கழுவின நாள் எது எண்டு அவவுக்குத் தெரியும்."

"முதலே ஏன் சொல்லேல்லை?"

"நீங்க அவவைக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூன்று தடவை வண்டி வந்தது. மூன்று தடவையும் வண்டியை ஓட்டி வந்தவரைத்தான் கேட்டேன். அதற்குள் படுப்பவரைக் கேட்கவில்லை. இதை மட்டும் நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியை வாசிக்காமல் விட்டாலும் எனக்குக் குறையில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியின் தண்ணீர்த் தாங்கியை நிரப்பிப் பம்பைப் போட்டேன். எல்லாப் பைப்புகளும் பூட்டியிருந்தால் பம்ப் கொஞ்சம் ஓடி, அழுத்தம் நிறைந்ததும் நின்றுவிடவேண்டும். பிறகு யாரும் பைப்பைத் திறக்கும்வரை மூச்சுக் காட்டக் கூடாது. நின்றது. தங்கச்சியும் நானும் காது கொடுத்தபடி இருந்தோம். நாலு நிமிடம் கழித்துப் பம்ப் "டுர்ர்" என்று ஒரு விநாடி ஓடி நின்றது. இன்னும் நாலு நிமிடத்தில் மறுபடி. யாரும் பைப்பைத் திறக்கவில்லை. அப்படியென்றால் எங்கேயோ ஓர் இடத்தில் தண்ணீர் தானாகத் திறந்துகொண்டு போகிறது.

பகல் சாப்பாட்டு நேரம் மற்ற இருவரும் போனபின், மூலை அலுமாரியின் பின்பலகையைக் கழற்றினேன். கழிவறைக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோகும் சாம்பல்நிற பிளாஸ்ரிக் குழாய் மூலையோடு மேலே ஏறியது. அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூவின் நுனி குத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் பதினெட்டு வருடத் துரு. அந்த நுனி மட்டும் பளபளவென்று இருந்தது. அதன் ஓரமாக ஒரு துளி திரண்டு, கொஞ்சம் யோசித்து, விழுந்தது.

நான் போட்ட நீள ஸ்குரூ.

அதற்கு முன் அந்தக் குழாயில் கசிவே இருக்கவில்லை. மழைத்தண்ணீரை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை உள்ளே விட்டவன் நான். அதற்குப் பிறகு கூரைமேல் நின்று, நான் செய்த ஓட்டையை வானத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கட்டிலுக்குக் கீழே தரைவிரிப்பைக் கிளப்பினேன். ஒட்டுப்பலகையில் ஸ்குரூட்றைவரை வைத்தேன். புட்டுக்குள் விரல் போவதுபோல் போனது. அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தத் தரைக்கு ஓர் அடி உயரத்தில்தான் லோஜினியின் மூக்கு இரவு முழுதும் இருந்திருக்கிறது. 

குழாயில் அந்த இடத்தை வெட்டி இணைப்புப் போடக் கால் மணித்தியாலம் போதும். ஸ்குரூவைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டால் உலகத்தில் எவருக்கும் தெரியாது. வண்டி பழையது, குழாயும் பழையது. நான் அதைத்தான் செய்தேன். குழாயைத் திருத்தி முடித்தபோது தங்கச்சி வந்தார்.

"பழைய பைப். வெடிச்சிட்டுது" என்றேன்.

அவர் வெட்டியெடுத்த குழாய்த்துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். வட்டமான துவாரம்.

"பழைய பைப்புக்குப் புது ஆணியா, அண்ணன்?"

என் கை சட்டைப்பைக்குப் போனது.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்குத் தையல் வேலை" என்று சொல்லிவிட்டு அவர் மெத்தை உறையோடு போய்விட்டார். என்னைத் திட்டியிருந்தால் நான் அந்த ஸ்குரூவைப் பற்றி இன்றைக்கும் எழுதியிருக்கமாட்டேன்.

முதலாளிக்குத் தரையைக் காட்டினேன். கசிவு நின்றுவிட்டதுதானே, தரை வழியில் காய்ந்துவிடும், நாளைக்குப் போகட்டும் என்றார். ஸ்குரூவைப் பற்றிச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். இதை அவர்களிடம் சொல்லாதே என்று ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னார், முதல் தடவை எனக்கு விளங்கவில்லை என்பதுபோல.

பின்னேரம் சிவநேசனும் லோஜினியும் வண்டியை எடுக்க வந்தார்கள். வழிக்குச் சாப்பாடெல்லாம் செய்து முடித்தாயிற்று. எங்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார்கள்.

"பிடிச்சிட்டியள் எண்டு போனிலை சொன்னினம். பெரிய உதவி அண்ணை" என்று சிவநேசன் பெட்டியை நீட்டினார்.

அந்தப் பெட்டியை வாங்கியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்று இன்றும் நினைக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தம்பி, உங்கடை வண்டியை நான்தான் உடைச்சனான். முதல்தரம் வந்தபோது நான் போட்ட ஸ்குரூ தண்ணிக் குழாயிலை குத்திப்போட்டுது. குழாயைத் திருத்தியிட்டன். ஆனா தரை உக்கி, பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு. இதிலை இவ படுக்கக்கூடாது. வெட்டியெடுத்துக் காயவைச்சுப் புதுத் தரை போட ரெண்டு நாள் வேணும்."

சிவநேசன் பெட்டியை வண்டியின் முன்பக்கத்தில் வைத்தார். 

"ரெண்டு நாள். நீங்கள் ரெண்டு நாள் எண்டு சொன்னா, அங்கை பிள்ளை காத்துக்கொண்டு நிக்குமோ? அந்தப் பெட்டை தனிய, அண்ணை. பக்கத்து வீட்டுக்காரின்ரை பேர்கூட அவளுக்குத் தெரியாது."

"தெரியும், தம்பி."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

நான் தலையைக் குனிந்தேன். அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி நிற்பது தெரிந்தது. தமிழ் விளங்காது, ஆனால் கட்டிய கையும் குனிந்த தலையும் எந்த மொழியிலும் விளங்கும்.

லோஜினி கேட்டார்: "அப்ப என்ரை மூச்சில்லை?"

"இல்லையம்மா. நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கும்வரை நாங்கள் இரண்டு ஆண்களும் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றோம். பிறகு அவர் புருசனைப் பார்த்துச் சொன்னார்: "நேற்றிரவு முழுக்க நான் வீட்டிலை மூச்சை அடக்கி அடக்கிப் பழகினனான். வண்டித் தரை நனையுமெண்டு. கழட்டச் சொல்லுங்கோ. நான் வழியிலை விழுந்தா அவளுக்கும் ஆருமில்லை, உங்களுக்கும் ஆருமில்லை."

நான் இந்தத் தொழிலில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். மூச்சை அடக்கினேன் என்ற அந்த ஒரு சொல்லைப்போல ஒன்றும் என்னைச் சுடவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் தரையை வெட்டினோம். கட்டிலைக் கழற்றி, உக்கியதையெல்லாம் நல்ல மரம் வரும்வரை எடுத்து, காற்றாடிகளை வைத்துச் சட்டங்களைக் காயவைத்துப் புதுப் பலகை போட்டேன். தங்கச்சி பழைய மெத்தையை எறிந்துவிட்டுப் புது ஸ்பொஞ்ச் வெட்டி உறை தைத்தார். முதலாளி இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. வேலை விரைவாக நடந்தது.

வியாழன் பின்னேரம் சிவநேசன் வந்து புதுத் தரையை முழங்காலில் நின்று கையால் தட்டிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் தட்டினார். "சரி" என்றார்.  வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். லோஜினிக்கு இடையிடையே ஓய்வு கொடுத்துப் போக ஐந்து நாள்.

பிள்ளைக்குத் திகதி இன்னும் ஒரு கிழமைக்குமேல் இருந்தது. அந்தக் கணக்கை நம்பித்தான் நானும் நித்திரை கொண்டேன். பிள்ளை திங்கட்கிழமை பிறந்துவிட்டது. அப்போது அவர்கள் ரெஜைனாவில் பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை சிவநேசன் கராஜுக்குத் தொலைபேசி எடுத்தார். எங்களுக்கு ஏன் எடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்திருக்கும்.

"பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். நாங்கள் ஒரு நாள் பிந்திப் போனம், அண்ணை. ஒரு நேர்ஸ் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவவாம்."

"லோஜினி எப்படி?"

"வழி முழுக்க இருமேல்லை."

நான் எடுத்தது இரண்டு நாள். அவர்கள் பிந்தியது ஒரு நாள். அந்தக் கழித்தலை நான் பலதடவை செய்து பார்த்திருக்கிறேன். சரியாக அடைத்திருந்தால், சரியாகக் கேட்டிருந்தால், அந்தப் பெண்ணின் கையை அவளுடைய அக்கா பிடித்திருப்பாள். உண்மையைச் சொன்னதால் இது சரியாகிவிட்டது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். உண்மை சொன்னதால் லோஜினியின் நெஞ்சு தப்பியது. ஸ்குரூ செய்தது செய்ததுதான்.

ஒக்ரோபரில் ஒரு காலை, முற்றத்தில் ஒரு மோட்டர்ஹோம் நேராக வந்து நேராக நின்றது. குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் தண்ணீரை வடித்து வைக்கவேண்டும், அதற்கு வந்திருந்தார் சிவநேசன். லோஜினி தங்கையோடு எட்மன்ரனில் குளிர் முடியும்வரை இருக்கப் போகிறாராம். அவர் மட்டும் தனியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முதலாளி தானே வெளியே போய், இந்தத் தடவை வண்டியைத் தானே பார்ப்பதாகச் சொன்னார். சிவநேசன் தலையாட்டிவிட்டு அவரைத் தாண்டி என்னிடம் வந்து சாவியை நீட்டினார்.

நான் வாங்கத் தயங்கினேன். "தம்பி, பிறம்ரனுக்குக் கிட்டவும் கராஜுகள் இருக்குதானே. இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்."

"இருக்கு" என்றார். "அவங்களும் உடைப்பாங்கள், அண்ணை. நீங்கள் உடைச்சாச் சொல்லுவியள்."

சாவியை வாங்கினேன்.